மூன்று விரலை மறக்க இரண்டேகால் வருடம்: தட்டச்சு மென்பொருள் அனுபவம்

பத்தாவது முடித்த விடுமுறையில் அப்பா என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் லோயர் என்ற முதல்நிலைத் தட்டச்சுத் தேர்வை முடித்துவிட்டு, அடுத்த நிலையான ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று பக்கம் பக்கமாக அடித்து, ரிப்பன் மையைச் சட்டையில் அப்பிக்கொண்டு, பிளஸ் ஒன் தொடங்கியதும் நின்றுவிட்டேன். ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேண்டும், நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இருபது வருடம் கழித்து மொழிபெயர்ப்புதான் பிழைப்பு என்று ஆனபோது நாள் முழுக்கத் தமிழ் அடிக்க வேண்டியிருந்தது. ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையில், மூன்று விரலால். வேகத்தில் பெரிய குறை இல்லை, உண்மையைச் சொல்லவேண்டும். குறை கழுத்தில். குனிந்து விசைப்பலகையைப் பார்த்தபடியே மூன்று வரி அடித்துவிட்டு நிமிர்ந்தால் திரை முழுக்க ஆங்கிலக் குப்பை இருக்கும், மொழியை மாற்ற மறந்திருப்பேன். இது ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. அதனால்தான் விசைகளைப் பார்க்காமல் பத்து விரலால் அடிக்கப் பழக ஆரம்பித்தேன், ஆர்வத்தால் அல்ல.

முதலில் ஆங்கிலம். டிப்10 என்ற இலவசத் தட்டச்சுப் பயிற்சி மென்பொருளில் தொடங்கினேன். அதில் எனக்குப் பிடித்த விஷயம், நாம் தவறாக அடிக்கும் எழுத்தை அது குறித்துவைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். இடது கையால் அடிக்கவேண்டிய பி (B) என்ற எழுத்து எனக்கு எப்போதும் வலது கைக்குப் போய்விடும். அதைக் கண்டுபிடித்துவிட்டு, நான்கு நாள் பி-யாலேயே என்னைக் கொன்றது. அப்புறம் கணினியில் லினக்ஸுக்கு மாறியபோது கே-டச் என்ற இன்னொரு பயிற்சி மென்பொருள். இங்கே திரையிலேயே ஒரு விசைப்பலகை தெரியும், எந்த விரல் எங்கே போகவேண்டும் என்று நிறத்தில் காட்டும், பாடம் முடிந்ததும் எந்த விசையில் சறுக்கினோம் என்று கணக்குக் கொடுக்கும். நான் துல்லியம் 97 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். அதிலிருந்து வேகத்தைப் பார்க்கவே இல்லை. இந்த ஒரு முடிவுதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். வேகம் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே அடித்த முதல் மூன்று வாரத்தில் 28-லிருந்து 31 போய் மறுபடி 26-க்கு வந்து நின்றேன், ஏனென்றால் அவசரப்பட்டுத் தப்பு அடிப்பதையே விரல்கள் நன்றாகப் பழகிக்கொண்டிருந்தன.

இரண்டாவது மாதத்தில் விசைப்பலகை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன், கைகள் துண்டுக்குள்ளே. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேட்டை விரல் தானாகத் தேட ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் காசு கொடுத்துத் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டியிருந்தேன். வாங்காதீர்கள். பார்த்து அடிக்கும் பழக்கத்தை விடத்தானே இந்தப் பாடு, அதற்கே வசதி செய்துகொடுக்கிறது. தவிர மே மாத வியர்வையில் ‘க’வும் ‘ப’வும் முதலில் உரிந்துவந்தன.

ஆறு வயது மகளுக்கு டக்ஸ் டைப்பிங் என்ற தட்டச்சு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். மேலிருந்து மீன் விழும், அதில் இருக்கும் எழுத்தை அடித்தால் பெங்குவின் தின்னும். அவள் ஒற்றை விரலால் நன்றாகவே விளையாடுகிறாள். விரல் முறை வந்ததா என்றால் இல்லை. பெங்குவின் பட்டினி கிடக்கக்கூடாது என்பதுதான் அவள் கவலை.

சரி, தமிழுக்கு வருகிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை, தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்து எல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் வந்துவிடும் என்பதால் கை மாறி மாறி ஓடும். அதைவிட அழகு, ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ, நான்கே தட்டு. ‘வணக்கம்’ ஆறு தட்டு, ஆங்கில எழுத்து வழியில் அதற்கு எட்டு, கூடவே ‘ண’வுக்கு ஷிஃப்ட். ங-வுக்கு அப்புறம் க, ந-வுக்கு அப்புறம் த அடித்தாலும் இதே மாதிரிதான். நாள் முழுக்க அடிக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தானாக விழும் அந்தப் புள்ளிக்கும் ஒரு விலை உண்டு. எங்கள் அலுவலகத்தில் ‘சசி’ என்று தொடங்கும் பெயருடைய அக்கா ஒருவர் இருக்கிறார். புதிதாகப் பழகிய உற்சாகத்தில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ச, ச, இ. போய்ச் சேர்ந்தது ‘ச்சி அக்காவுக்கு வணக்கம்’. முதல் ச-வுக்கு அப்புறம் ஒரு அ அடித்து நிறுத்தினால்தான் புள்ளி விழாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் நல்லவர், சிரித்துவிட்டார். இன்றும் என்னை ‘என்ன தம்பி, ச்சியா’ என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்தத் தமிழைச் சொல்லிக்கொடுக்க மென்பொருள் தேடியபோதுதான் சிக்கல். இரண்டு மூன்றை இறக்கிப் பார்த்தேன், பெயர் வேண்டாம். பயிற்சி மென்பொருள் பலவும் ஒரு தட்டுக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில் கட்டப்பட்டவை. ‘மூ’ வரவேண்டிய இடத்தில் நான் ‘ம’ அடித்த உடனே சிவப்பு விளக்குப் போட்டுத் தப்பு என்றது ஒன்று. இன்னொன்று ‘க்க’வுக்குப் புள்ளி விசையையும் அடித்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தது, அதாவது அந்த விசைப்பலகையில் இருக்கிற சொகுசையும் பிடுங்கிக்கொண்டது. அதோடு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று காட்டுகிறதே, அது ஆங்கில வழக்கப்படி ஐந்து தட்டை ஒரு சொல் என்று வைக்கும் கணக்கு. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்பதை அது எத்தனை சொல்லாக எண்ணியது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தமிழில் அந்த எண்ணை நம்பாதீர்கள். ஒரு பக்கத்தை எடுத்துக் கடிகாரம் வைத்து அடித்துப் பாருங்கள், அதுவே போதும்.

கடைசியில் சாதாரண உரைத்தொகுப்பானில் மேலே பாடம், கீழே நான் என்று பிரித்துவைத்துக்கொண்டேன். முதல் வாரம் நடு வரிசை மட்டும். இடது கையில் அ, இ, உ, புள்ளி, எ, வலது கையில் க, ப, ம, த, ந, ய. இதை வைத்தே பக்கம், தம்பி, நத்தை (ஐ மட்டும் மேல் வரிசையில் இருந்து கடன்) என்று நிறைய எழுதலாம். மெதுவாக மற்ற வரிசைகள். எனக்கு ஒத்துவராதது வலது சுண்டுவிரல்தான். ந, ய, ச, ண, ஞ, ழ எல்லாம் அந்தப் பாவப்பட்ட விரலின் தலையில். அதற்காகவே ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சறுக்கி வழுவழுக்கிக் கீழே விழுந்தான்’ என்று தினமும் இருபது முறை அடித்தேன். எண்ணிப் பாருங்கள், எட்டு ழ. நாக்குக்கு வைத்த பயிற்சி விரலுக்கும் ஆகிறது.

நான் செய்த பெரிய தப்பு, வேலை நேரத்தில் பழைய மூன்று விரல், இரவில் பத்து விரல் என்று இரண்டு மாதம் ஓட்டியது. இரண்டும் ஒட்டவில்லை. காலையில் ‘க’வுக்குப் பதில் வேறு ஏதோ வரும், இரவில் ஆங்கில எழுத்துக் கணக்கில் விரல் ஓடும். பொங்கல் விடுமுறையோடு சேர்த்து ஒரு வாரம் வேலையே ஒப்புக்கொள்ளாமல் முழுக்க மாறினேன். அந்த வாரம் ஒரு பக்கம் அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழையபடி ஆங்கில எழுத்துக்கே போய்விடலாம் என்று கை துடித்தது. மூன்றாவது மாதம் பழைய வேகம் வந்தது. எட்டாவது மாதத்தில் அதைத் தாண்டியது. இப்போது அதே பக்கம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிறது, கழுத்துவலிக்கு மாத்திரை போட்டு வெகு நாளாகிறது.

குரலில் சொன்னால் எழுதிவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். வீட்டில் மிக்சி ஓடாத நேரத்தில் முயன்று பார்த்தேன். ல, ள, ழ திருத்தும் நேரத்தில் நானே அடித்துவிடுவேன்.

எண் வரிசை மட்டும் இன்னும் வரவில்லை. கே-டச்சில் அந்தப் பாடங்களை அப்படியே விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் பில் போடும்போது ஜிஎஸ்டி எண்ணை அடிக்க இன்றைக்கும் குனிந்துதான் பார்க்கிறேன், ஒற்றை விரலால்.