இ61 எஸ்பிரஸோ மெஷினோடு நாலரை வருஷம்

இந்த மெஷின் பெட்டியோடு வீட்டுக்கு வந்த அன்று, அதைத் தூக்கிச் சமையல் மேடையில் வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அன்றிலிருந்து காலையில் மூன்று, சாயங்காலம் இரண்டு கோப்பை. ஊருக்குப் போன நாட்களைக் கழித்தாலும் ஏழாயிரம் கோப்பையாவது போட்டிருப்பேன். இவ்வளவு பணம் போட்டு வாங்கலாமா, எதை வாங்குவது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது இத்தாலியில் செய்த மெஷின். இ61 குரூப் (காபிப் பொடி மேல் வெந்நீரைப் பாய்ச்சும் தலைப்பகுதி), காபிக்கு ஒன்று, பால் நுரைக்கும் ஆவிக்கு ஒன்று என இரண்டு பாய்லர், சுழன்று வேலை செய்யும் ரோட்டரி பம்ப். பிராண்டின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த அமைப்பில் வரும் எந்த மெஷினுக்கும் பொருந்தும் என்பதுதான். நான் இதைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான்.

இ61 என்பது 1961-இல் ஃபயேமா நிறுவனம் கொண்டுவந்த குரூப். அந்த வருஷம் பிப்ரவரியில் இத்தாலியில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகணத்துக்கான இத்தாலியச் சொல்லின் (eclissi) முதல் எழுத்தான E-யையும் வருஷத்தையும் சேர்த்து வைத்த பெயர் அது. அதற்கு முன்னால் கையால் நெம்புகோலை இழுத்துத்தான் அழுத்தம் கொடுத்தார்கள். இதில் அந்த வேலையை பம்ப் எடுத்துக்கொண்டு, 9 பார் அழுத்தத்தைச் சீராகக் கொடுத்தது. குரூப் மட்டுமே சுமார் நாலு கிலோ பித்தளை. பாய்லரிலிருந்து வெந்நீர் மேல் குழாய் வழியாகக் குரூப்புக்கு வந்து, சூட்டைக் கொடுத்துவிட்டு, கீழ்க் குழாய் வழியாகத் திரும்பிப் போகும். தனி மோட்டார் கிடையாது, சூடான தண்ணீர் லேசாக இருப்பதால் தானே சுற்றுகிறது. இன்றைக்கும் பல நிறுவனங்கள் இதே குரூப்பைப் போடுவதால், கேஸ்கெட்டிலிருந்து (கசிவைத் தடுக்கும் வளையம்) உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வரை பொதுவான உதிரிபாகங்கள் எளிதாகக் கிடைக்கின்றன.

வாங்கும் முன் என் மனசில் இருந்த இன்னொரு மெஷின் லா மர்சோக்கோவின் லினியா மினி. ஒரு நண்பர் வீட்டில் அதில் குடித்திருக்கிறேன், அருமையான மெஷின். ஆனால் அதன் குரூப் அந்த நிறுவனத்துக்கே உரியது, விலையும் என் கைக்கு எட்டவில்லை. கையால் நெம்புகோலை இழுக்கும் ஸ்பிரிங் லீவர் மெஷின் ஒன்றும் ஆசை காட்டியது. பம்ப் இல்லாததால் மின்சாரம் போனாலும் பாய்லர் சூடாக இருக்கும் வரை காபி போடலாம். வீட்டில் எல்லோரும் இழுக்க முடியாது என்பதால் அதை விட்டேன்.

சரி, தினசரி அனுபவத்துக்கு வருகிறேன். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சூடேறும் நேரம். திரையில் பத்து நிமிஷத்திலேயே 93 டிகிரி காட்டும். அது பாய்லரின் சூடு. அந்த நாலு கிலோ பித்தளை சூடாக அரை மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டுப் போட்டால் புளிக்கும். நான் 16 ஆம்பியர் வைஃபை பிளக் ஒன்றில் மாட்டி, ஐந்து மணிக்குத் தானாக ஆன் ஆகும்படி வைத்திருக்கிறேன். இதற்கு மெஷினில் பழைய மாதிரி திருகும் சுவிட்ச் இருக்க வேண்டும். தொட்டு ஆன் செய்யும் பட்டன் இருந்தால் மின்சாரம் வந்ததும் தானாகத் தொடங்காமல் போகலாம். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்த ஹீட்டரைத் தாங்காது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துத் தனி வயர் இழுத்தோம்.

ரோட்டரி பம்புக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண் போகவில்லை. விடிகாலையில் அடுத்த அறையில் குழந்தை தூங்கும்போது, ஒரு மெல்லிய முனகலைத் தவிர வேறு சத்தமே இல்லை. காபிக் கொட்டை அரைக்கும் கிரைண்டர்தான் சத்தம் போடும், அதனால் ராத்திரியே அரைத்து வைக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், மணம் போய்விடுகிறது.

இனி தண்ணீர். யாராவது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், இதைப் பற்றிக் கேட்கச் சொல்வேன். சென்னையில் எங்கள் அடுக்ககத்துக்குப் போர் தண்ணீர், லாரித் தண்ணீர் இரண்டும் கலந்து வரும். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே போதும், அதை பாய்லருக்குள் விடக்கூடாது என்று தெரிந்துவிடும். ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றினால் வேறு சிக்கல். காபி சப்பென்று இருக்கும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால், சில மெஷின்களில் பாய்லரின் நீர்மட்டம் பார்க்கும் சென்சார் தண்ணீர் இருப்பதையே கண்டுபிடிக்காது. அதனால் முதல் வருஷம் ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்தேன். டிடிஎஸ் மீட்டரில் 150 காட்டியது, நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி தப்பு. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது, பாய்லரில் படிவது அந்தச் சுண்ணாம்புதான். பதினாலாவது மாதம் தண்ணீர் வரத்து குறைய ஆரம்பித்தது. முப்பது விநாடியில் வந்த காபி நாற்பதைத் தாண்டியது. கிரைண்டரைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் குரூப்பின் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் போகும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சின்னத் துளை பாதி அடைத்துக் கிடந்தது. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்தேன். பாய்லருக்குள் எவ்வளவு படிந்திருக்குமோ என்ற கவலையில் அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம் முறையை மாற்றிவிட்டேன். ஆர்ஓ தண்ணீரில் பொட்டாசியம் பைகார்பனேட் சேர்க்கிறேன். உணவுத் தரத்தில் வாங்க வேண்டும். 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, அதில் 10 மில்லியை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் விட்டால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆகிறது. வெளியிலிருந்து சுண்ணாம்பு சேராததால் படிவும் இல்லை, சென்சாரும் வேலை செய்கிறது, புளிப்பும் அளவோடு நிற்கிறது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து கிட் ஒன்று வாங்கி, மாதம் ஒரு முறை கடினத்தன்மையைப் பார்க்கிறேன். மூன்று வருஷமாகிவிட்டது. போன மாதம் மூடியைத் திறந்து பார்த்தேன், பித்தளை பளிச்சென்று இருந்தது.

பழுது என்று பார்த்தால் ஒன்றுதான் பெரியது. இரண்டாம் வருஷக் கடைசியில் மெஷினுக்குள்ளிருந்து உஸ்ஸென்று விடாமல் சத்தம். ஸ்டீம் பாய்லர் மேல் ஒரு சின்ன வால்வு இருக்கும். பாய்லர் ஆறும்போது காற்றை உள்ளே விடும், ஆவி கட்டியதும் மூடிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ஆறும் பாய்லர் ஸ்டீம் குழாய் வழியாகப் பாலை உள்ளே இழுத்துவிடும். அதன் ரப்பர் வளையம் கெட்டு, ஆவி உள்ளேயே கசிந்து வயர்கள் மேல் ஈரம் படிந்திருந்தது. விற்றவர்களிடம் சொன்னேன். மெஷினை வேறு ஊருக்கு அனுப்பச் சொன்னார்கள், செலவும் என்னுடையதாம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வால்வு பொது அளவு. வரவழைத்து, பிளக்கைப் பிடுங்கி, முழுசாக ஆறவிட்டு, ஸ்பேனரும் டெஃப்லான் டேப்பும் வைத்து அரை மணி நேரத்தில் மாற்றினேன். இந்த வகையை வாங்கியது சரி என்று அன்றைக்குத்தான் உறுதியானது.

மற்றதெல்லாம் சின்னப் பராமரிப்பு. போர்ட்டாஃபில்டரின் (காபிப் பொடி போட்டு குரூப்பில் மாட்டும் பாகம்) கைப்பிடி வழக்கத்தைவிட வலது பக்கம் தள்ளிப் போனால் கேஸ்கெட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது சிலிகான் போட்டிருக்கிறேன், ரப்பரைவிட அதிக நாள் வருகிறது. ஓட்டையில்லாத வடிகட்டி போட்டு குரூப்பை வெறும் தண்ணீரில் கழுவுவது தினமும், சுத்தம் செய்யும் பொடி போட்டுக் கழுவுவது மாதம் ஒரு முறை. அந்தப் பொடி கிரீஸையும் கரைத்துவிடுவதால், குரூப்பில் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன லீவர் கிறீச்சிட ஆரம்பிக்கும். அப்போது உணவுக்கு ஏற்ற கிரீஸ் தடவ வேண்டும்.

கிரைண்டர் விஷயத்தில் ஒரே வார்த்தை: மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். முதல் ஆறு மாதம் சுமாரான கிரைண்டரில் ஓட்டினேன். 64 மில்லிமீட்டர் தட்டை பர் (கொட்டையை அரைக்கும் பல் தட்டு) உள்ளதை வாங்கிய பிறகுதான், 18 கிராம் பொடியில் 36 கிராம் காபி என்ற கணக்கு தினமும் ஒரே மாதிரி வந்தது.

சுவைக்கு வருவோம். நடுத்தர வறுவல் சிக்கமகளூர் கொட்டையில் வரும் காபி, கருப்பட்டி வாசனையும் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் கசப்புமாக, நாக்கில் ரொம்ப நேரம் நிற்கும். பால் சேர்ப்பதானால் கொழுப்பு கூடின பால் பாக்கெட்தான் நன்றாக நுரைக்கிறது. அம்மாவுக்கு டபராவில் ஒரு நாள் போட்டுக் கொடுத்தேன். "திக்கா இருக்குடா, ஆனா டிகாக்ஷன் வாசனை வரல" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டும் வேறு வேறு பானம், சிக்கரி சேர்ந்த அந்த மணத்தை எந்த அழுத்தத்தாலும் கொண்டுவர முடியாது. எங்கள் வீட்டில் பித்தளை ஃபில்டர் இன்னும் தினமும் ஓடுகிறது.

மறுபடி வாங்கினால்? இ61தான். ஆனால் நடுத்தர, கரு வறுவலும் பால் காபியும் மட்டும் குடிக்கும் வீட்டுக்கு இரண்டு பாய்லர் தேவையில்லை. ஒரே ஆவி பாய்லருக்குள் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (காபித் தண்ணீரைச் சூடாக்கும் தனிக் குழாய்) உள்ளது போதும், மிச்சப் பணம் கிரைண்டருக்குப் போகட்டும். லேசான வறுவலை விரும்புகிறவர்களுக்கு இரண்டு பாய்லரும், தண்ணீர் வேகத்தைக் குறைக்கும் குமிழும் உண்மையாகவே பயன்படும். முதல் எட்டுப் பத்து விநாடி மெல்ல நனைத்தால் புளிப்பு அடங்குகிறது.

பழைய மெஷின் கிடைக்கிறது என்றால் தயங்க வேண்டாம். விலை பேசும் முன் இத்தனை நாள் என்ன தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். அப்புறம் குரூப்பின் மேல் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.