ஆறு மாதத்தில் 'சர்வதேச ஈ.எம்.ரி. உரிமம்': காசு கட்டும் முன் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் பயிற்சிக்கு, அதாவது ஈ.எம்.ரி. படிப்புக்கு, பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோரும், உயர்தரம் எழுதிவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகளும் இதை முழுவதும் வாசிக்கவேண்டும். பதிவுக்கு 15,000, படிப்புக்கு 160,000, 'சர்வதேசப் பரீட்சைக்கும் உரிமத்துக்கும்' 55,000 என்று மொத்தம் 230,000 ரூபாய் கட்டினேன். அம்மா சீட்டு எடுத்த காசும் அவருடைய இரண்டு காப்பை அடைவு வைத்த காசும் அதில் இருக்கின்றன. கையில் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் அட்டை. அந்த அட்டைக்கு உலகத்தில் எந்த நாட்டிலும் மதிப்பில்லை.

விடயம் மத்தியஸ்த சபையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரை விட முறை முக்கியம். இதே முறையில் நாளைக்கு வேறொரு பெயர்ப்பலகை தொங்கலாம்.

நான் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை உயர்தரம் எழுதியவள். வெட்டுப்புள்ளி கைகொடுக்கவில்லை. ஆனாலும் இந்தப் படிப்பை வேறு வழியில்லாமல் நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு நாள் விடியப்புறம் அப்பப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது 1990 இலக்கத்துக்கு அழைத்தோம். மீசாலையில் எங்கள் ஒழுங்கைக்குள் அம்புலன்ஸ் வந்தது. இறங்கியவர் ஓர் அக்கா. அப்பப்பாவின் கையைப் பிடித்தபடியே இரத்த அழுத்தம் பார்த்து, அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று அப்பம்மாவிடம் பொறுமையாகக் கேட்டு, எங்கள் எல்லோரையும் அமைதிப்படுத்திக் கொண்டுபோனார். ஒரு சதம் வாங்கவில்லை. 1990 இலக்கத்தில் இயங்கும் இந்த இலவச அம்புலன்ஸ் சேவையின் பெயர் 'சுவசெரிய'. அது 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அந்த அக்காவைப் பார்த்த நாளிலிருந்து நானும் அந்த வேலைக்குப் போகவேண்டும் என்ற ஆசை என் மனதில் இருந்தது. அந்த ஆசையைத்தான் அவர்கள் விலைக்கு வாங்கினார்கள்.

பஸ் நிலையத்துக்கு அருகில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் "கனடா, இங்கிலாந்து, வளைகுடா நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்படும் உரிமம். 1990 இல் வேலைவாய்ப்பு. வைத்தியசாலையில் நேரடிப் பயிற்சி" என்று போட்டிருந்தது. அம்மாவும் நானும் போனோம். மாடியில் இரண்டு அறைகள். பணிப்பாளர் என்று சொன்னவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். அம்மா கேட்கவேண்டிய கேள்வியைச் சரியாகவே கேட்டார்: "தம்பி, இது அரசாங்கம் ஏற்றுக்கொண்ட படிப்பா?" அவர் எழுந்துபோய்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டி, "அம்மா, அரச பதிவு. நீங்களே பாருங்கள்" என்றார். இலங்கை அரச இலச்சினை இருந்தது, இலக்கம் இருந்தது, கையொப்பம் இருந்தது. நாங்கள் இருவரும் பார்த்தோம். வாசிக்கவில்லை.

அது வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். பலசரக்குக் கடைக்கும் தையல் கடைக்கும் கொடுக்கும் அதே பத்திரம். ஒருவர் இந்தப் பெயரில் தொழில் நடத்துகிறார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. என்ன கற்பிக்கிறார், யார் கற்பிக்கிறார் என்று அதைக் கொடுத்தவர்கள் பார்ப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது.

வகுப்பு சனியும் ஞாயிறும். மொத்தம் 150 மணித்தியாலம் என்றார்கள். நான் எல்லா வகுப்புக்கும் திகதியும் நேரமும் கொப்பியில் எழுதுகிற பழக்கம் உள்ளவள். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது 61 மணித்தியாலம்தான் வந்தது. மற்ற நாட்களில் விரிவுரையாளர் வரவில்லை, மின்சாரம் இல்லை, அல்லது பழைய பாடத்தையே திரும்ப எழுதவைத்தார்கள்.

பதினேழு பேருக்கு ஒரே ஒரு பயிற்சிப் பொம்மை. இருதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும்போது 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம் போகவேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விடவேண்டும், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. இதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் எங்கள் பொம்மையின் நெஞ்சுக்குள் இருந்த சுருள்வில் உடைந்திருந்தது. அழுத்தினால் அப்படியே உள்ளே போய் நின்றுவிடும். சரியான ஆழம் எப்படி இருக்கும் என்பது என் கைக்குத் தெரியவே இல்லை. ஆறு மாதத்தில் எனக்கு மூன்று முறைதான் அந்தப் பொம்மை கிடைத்தது.

பாடக்குறிப்பு முழுவதும் எங்கிருந்தோ எடுத்துப் பிரதி செய்த அமெரிக்கப் பாடம். அவசரத்துக்கு 911 ஐ அழைக்கவும் என்று இருந்தது. பாம்புக்கடிப் பாடத்தில் வாலைக் கிலுக்கும் பாம்பின் படம். அது இலங்கையில் இல்லாத பாம்பு. எங்களுடன் படித்த அரியாலைப் பையன் எழுந்து, "சேர், எங்கள் பக்கம் சுருட்டை விரியன் கடித்தால் என்ன செய்வது?" என்று கேட்டான். கடிவாயின் மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும் என்றார் விரிவுரையாளர். நாங்கள் அதை எழுதிக்கொண்டோம். காசு போனதை விட எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கையோ காலோ கெட்டுப்போகலாம். கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, வாயால் உறிஞ்சவும் கூடாது. மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி, கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து, நேரத்தை வீணாக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. பனையில் ஏறி விழுபவர்களும், தோட்டத்தில் பாம்பு கடிபடுபவர்களும், நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவானுக்குக் கொண்டுவரப்படுபவர்களும் வாழும் ஊர் இது. இங்கே உயிர் காக்கப் போகிறவர்களுக்கு உயிரை எடுக்கும் பாடத்தைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள்.

வைத்தியசாலைப் பயிற்சியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "கடிதம் போட்டிருக்கிறோம், அனுமதி வரும்" என்ற ஒரே பதில். கடைசி மாதத்தில் அந்தக் கடிதத்தின் பிரதியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒரு கடிதம் எழுதப்படவே இல்லை.

பிறகு பரீட்சை. ஐம்பது கேள்விகள். முதல் வாரமே விடைகளுடன் எங்களுக்குச் சொல்லித்தந்த அதே ஐம்பது. இரண்டு வாரத்தில் பொன்னிற முத்திரை குத்திய டிப்ளோமாவும், என் படம் போட்டு 'இரண்டு வருடம் செல்லுபடியாகும்' என்று அச்சடித்த உரிம அட்டையும் வந்தன. அம்மா டிப்ளோமாவைச் சட்டம் போட்டுச் சாமியறையில் வைத்தார்.

அதன் பிறகு ஒரு மாதம் கழித்து, பின்னேரம் ஆறரை மணியளவில், நாவற்குழிப் பக்கம் ஏ9 வீதியில் நான் வந்த பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் மாட்டில் மோதியது. இறங்கி ஓடினேன். என் கைப்பையில் அந்த அட்டை இருந்தது. ஓட்டிவந்த இளைஞன் வீதியோரத்தில் கிடந்து முனகினான். நான் போய்ச் சேருவதற்குள் ஒருவர் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றிவிட்டார். அது இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் கழுத்தைத் தாங்க மற்றவர் மெதுவாக எடுக்கவேண்டிய வேலை. நான்கைந்து பேர் கைகால்களைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றத் தயாரானார்கள். "தூக்க வேண்டாம், கழுத்தில் அடிபட்டிருக்கலாம்" என்று கத்தினேன். "நீ யார் பிள்ளை?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஈ.எம்.ரி. என்று சொல்ல வாய் வந்தது, சொல்லமுடியவில்லை. ஏனென்றால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று என் தலைக்குத் தெரிந்திருந்தது, என் கைக்குத் தெரியவில்லை. தலையை எங்கே பிடிப்பது, எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது, அவன் வாந்தி எடுத்தால் எந்தப் பக்கம் எப்படிப் புரட்டுவது, ஒன்றும் தெரியவில்லை. 1990 க்கு அழைத்தது மட்டும்தான் நான் உருப்படியாகச் செய்தது.

அம்புலன்ஸில் வந்த அண்ணா நேரே அந்த இளைஞனின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தலையைப் பிடித்து, "தம்பி, தலையை ஆட்ட வேண்டாம், நான் பிடித்திருக்கிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, இங்கே வாருங்கள்" என்று கூப்பிட்டு, என் கைகளை எடுத்துத் தன் கைகள் இருந்த இடத்தில் வைத்து, முழங்கையை நிலத்தில் ஊன்றச் சொன்னார். ஊன்றினால் கை நடுங்காது. அவர் கழுத்துப் பட்டி போட்டு முடிக்கும்வரை நான் அப்படியே பிடித்திருந்தேன். ஆறு மாதத்தில் ஒருவரும் என் கையை அப்படிப் பிடித்து வைத்துச் சொல்லித்தரவில்லை.

அந்த இளைஞன் பிழைத்துவிட்டான். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் ரொறன்ரோவில் தாதியாக இருக்கும் பெரியம்மாவின் மகளுக்கு அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன். அக்கா கேட்ட முதல் கேள்வி: "இது எந்த மாகாணத்தின் உரிமம்?"

எனக்கு விளங்கவில்லை. அக்கா பொறுமையாகச் சொன்னார். கனடா முழுவதற்குமாக அம்புலன்ஸ் உரிமம் என்று ஒன்று இல்லை, ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி. ஒன்ராறியோவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, மாகாணத்தின் பரீட்சை எழுதவேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஈ.எம்.ரி. ஆக, மாநிலம் ஏற்றுக்கொண்ட பாடநெறியை முடித்து, தேசியப் பதிவகத்தின் பரீட்சையில் சித்தியடைந்து, அதற்குப் பிறகு மாநிலத்திடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். இங்கிலாந்தில் 'பரமெடிக்' என்ற பெயரே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, அதற்குரிய சபையில் பதியாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். "சான்றிதழ் கொடுப்பது படிப்பித்த இடம். உரிமம் கொடுப்பது அரசோ அரசு நியமித்த சபையோ. படிப்பித்தவரே உரிமமும் கொடுக்கிறார் என்றால், அந்த இடத்திலேயே நீ எழும்பி வந்திருக்கவேண்டும்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. என்னை விட அவர்தான் அதிகம் கவலைப்பட்டார்.

அமெரிக்க இருதயச் சங்கத்தின் அட்டை என்று சொல்லி எங்களுக்குத் தந்ததும் அப்படித்தான். உண்மையான அட்டை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு, அந்தச் சங்கத்தின் இணையத்தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பதினேழு பேரின் அட்டையிலும் ஒரே குறியீடு இருந்தது.

இலங்கையில் பார்க்கவேண்டியது எது என்பதையும் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. பதிவு செய்த நிறுவனங்களின் விபரம் அவர்களுடைய இணையத்தளத்தில் உண்டு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகும் பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. கணினிப் பாடநெறிக்கு வாங்கிய தரச்சான்றைக் காட்டி ஈ.எம்.ரி. வகுப்புக்குக் காசு வாங்கமுடியும். ஆகவே பாடநெறியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். முடிவில் என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா, எத்தனையாம் மட்டம் என்றும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 1990 இல் வேலை என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். அந்தச் சேவை பகிரங்க விளம்பரம் செய்து ஆட்களை எடுக்கிறது, எடுத்தவர்களுக்குத் தானே பயிற்சி கொடுக்கிறது. மாடி வகுப்புகளுக்கு ஒதுக்கிவைத்த இடங்கள் அங்கே இல்லை.

முதலுதவி மட்டும் கற்க விரும்பினால் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் இருக்கின்றன. அவர்கள் கொடுப்பது முதலுதவிச் சான்றிதழ், அதை அவர்கள் உரிமம் என்று விற்பதில்லை. பாம்புக்கடி பற்றி நான் எழுதிவைத்திருந்த பிழையை நான் திருத்திக்கொண்டது அப்படியொரு முதலுதவி வகுப்பில்தான். அன்றே எங்கள் அணியில் இருந்த எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னேன். நான்கு பேரின் இலக்கம் இப்போது வேலை செய்யவில்லை. அவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

பணிப்பாளரிடம் போய்க் காசைத் திருப்பிக் கேட்டபோது, "சர்வதேச உரிமம் என்றுதானே சொன்னோம், எந்த நாடு என்று சொல்லவில்லையே தங்கச்சி" என்றார். துண்டுப்பிரசுரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இது பழையது என்றார். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டேன், மத்தியஸ்த சபைக்கும் எழுதினேன். சபையின் முதல் தவணைக்கு அவர் வந்தார். 55,000 ரூபாயை மட்டும் இரண்டு தவணையாகத் தருவதாகவும், பதிலுக்கு நான் இனி எங்கும் எதுவும் சொல்லக்கூடாது என்று கையொப்பமிடவேண்டும் என்றும் கேட்டார். மறுத்துவிட்டேன். அம்மாவின் காப்பு இன்னும் அடைவில்தான் இருக்கிறது, இருந்தும் "கையொப்பம் போடாதே பிள்ளை" என்று முதலில் சொன்னவர் அம்மாதான்.

இதுவரை எங்கள் அணியில் ஒன்பது பேர் என்னுடன் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேரிடம் பற்றுச்சீட்டு இருக்கிறது. மற்ற மூவர் காசாகக் கொடுத்து, பிறகு தருகிறோம் என்ற சொல்லை நம்பியவர்கள். சபையின் அடுத்த தவணை வரும் மாதம். அதே மாடியில் படித்தவர்கள், எந்த வருடமாக இருந்தாலும், பற்றுச்சீட்டு, துண்டுப்பிரசுரம், அட்டை, வகுப்புக் கொப்பி என்று எது இருந்தாலும் எறியாமல் எடுத்துவையுங்கள். எனது கொப்பியில் இருந்த அந்த 61 மணித்தியாலக் கணக்கைத்தான் சபையில் இருந்தவர்கள் இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.