ஆலோசனைக் குழுவில் ஏழு பேர், கோர்ட்டில் மூவர்

2023 ஜூன் மாதம் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகத்துக்குள் கண்ணாடிக் கோர்ட் அமைத்து, சுவரில் பந்தடித்து ஆடும் ஸ்குவாஷ் விளையாட்டின் உலகக் கோப்பையை நடத்தினார்கள். துணி எடுக்கப் போன இடத்தில் என் மகள் மேல்தளக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்துவிட்டாள். அந்தப் பிடிவாதம் தணியாததால், அடுத்த ஆண்டு, அவளுக்கு ஒன்பது வயது நிறைந்ததும் தென்சென்னையில் இயங்கும் ஓர் இளையோர் ஸ்குவாஷ் திட்டத்தில் சேர்த்தோம். பதினான்கு மாத அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் திட்டத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஆட்டத்தையும் படிப்பையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதுதான் இத்திட்டத்தின் அடிப்படை. இந்த முறை புதியதன்று. முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் கிரெக் ஜாஃப் 1996இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கிய ஸ்குவாஷ்பஸ்டர்ஸ், வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மட்டையோடு பாடமும் சொல்லிக்கொடுத்தது. பிறகு நியூயார்க்கின் ஹார்லெமிலும் பிராங்க்ஸிலும் அதே வழியில் திட்டங்கள் எழுந்தன. நம் நாட்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்குவாஷ் பயிற்சியாளராக இருந்த சதீந்தர் பாஜ்வா சண்டிகரில் இதே வகைத் திட்டமான கேல்சாலாவை நிறுவினார். எங்கள் திட்டத்தின் விளக்க ஏடும் இந்த மரபையே முன்மாதிரியாகக் காட்டுகிறது. வகுப்பு நாட்களில் முதல் முக்கால் மணி நேரம் படிப்பு, அடுத்த ஒரு மணி நேரம் கோர்ட். இடங்களில் பாதி மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்பட்டுள்ளது. மற்றவர்களுக்கு மாதக் கட்டணம் 4,500 ரூபாய்.

ஏட்டின் முதல் பக்கத்திலேயே ஆலோசனைக் குழுவினரின் படங்கள் இருந்தன. நாட்டுக்காக ஆடிய நால்வர், கல்வியாளர்கள் மூவர். நாங்கள் சேர்ந்ததற்கு அந்தப் பக்கமே காரணம் என்பதால் அதை வைத்தே இத்திட்டத்தை எடைபோடுகிறேன்.

மூன்றாவது வாரம் அவர்களில் ஒருவர், முன்னாள் தேசிய வீராங்கனை, முன்னறிவிப்பின்றி வந்து சுவரோரம் நின்றார். பிள்ளைகள் அடித்த பந்து எழும்பாமல் தரையோடு படுத்துவிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், ஒரு பந்தை எடுத்து அதிலிருந்த இரட்டை மஞ்சள் புள்ளியைப் பயிற்சியாளரிடம் காட்டினார். "காயாத கல்லில் மாவை ஊற்றிவிட்டு தோசை வரவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம், சார்" என்றார். இரட்டை மஞ்சள் பந்து போட்டிக்கு உரியது. தொடர்ந்து வேகமாக அடித்துச் சூடேற்றினால்தான் அது எழும்பும், ஒன்பது வயதுக் கைக்கு அந்த வேகம் வராது. அடுத்த வாரமே, அளவில் சற்றுப் பெரியதும் நன்றாக எழும்புவதுமான தொடக்கநிலை நீலப் பந்துகள் வந்தன. அதுவரை மூன்று அடிக்கு மேல் நீடிக்காத ஆட்டம் பத்து, பன்னிரண்டு அடிகளுக்கு நீண்டது. மகள் முதன்முறையாக வியர்வையோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் எந்தப் பிள்ளையும் உள்ளே போகக் கூடாது என்ற விதியும் அவருடைய வற்புறுத்தலால் வந்ததுதான். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்குவாஷ் பந்து கண்குழிக்குள் நேராகப் புகக்கூடியது என்பதை அவர் விளக்கிய பிறகு, கண்ணாடியின் விலைக்கு முணுமுணுத்த பெற்றோர்கள் (நானும் அவர்களில் ஒருவன்) வாயை மூடிக்கொண்டோம்.

இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கணிதம் கற்பித்தவர். பக்கச் சுவரில் பட்டு முன்சுவருக்குத் திரும்பும் 'போஸ்ட்' (boast) அடியின் பாதையைக் கட்டத்தாளில் வரையச் சொல்லி, 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்ட கோர்ட்டை அளவுகோலுக்குச் சுருக்கும் கணக்கைப் பிள்ளைகளுக்குப் பழக்கினார். காகிதத்தில் வரும் கோணம் கோர்ட்டில் அப்படியே வருவதில்லை, சுழற்சியும் சுவரின் உராய்வும் அதை மாற்றிவிடும் என்று மறுநாளே பிள்ளைகள் வந்து முறையிட்டது அவருக்கு இன்னும் பெரிய மகிழ்ச்சி. தேர்வுக் காலத்தில் பயிற்சியை அடியோடு நிறுத்தும் பெற்றோரின் வழக்கத்தை மாற்றி, வாரம் ஒரு மாலையாவது ஆட வேண்டும் என்று எங்களை இணங்க வைத்தவரும் அவரே.

மூன்றாமவர் கல்லூரிப் பேராசிரியர். ஸ்குவாஷ் ஆடினால் அமெரிக்காவில் பெரிய கல்லூரி, அதுவும் செலவில்லாமல் கிடைக்கும் என்ற எண்ணம் இங்குள்ள பெற்றோரிடம் ஆழமாக இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்ட செய்தி அந்த ஆசைக்கு மேலும் நெய் வார்த்தது. பெற்றோர் கூட்டத்தில் அவர் பூசி மெழுகவில்லை. ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் விளையாட்டுத் திறமைக்கென உதவித்தொகை தருவதில்லை, குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்தே நிதியுதவி தருகின்றன, ஆட்டம் சேர்க்கைக்கு உதவலாம், கட்டணத்தைக் கட்டாது என்றார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. மாணவர் எண்ணிக்கை குறையும் என்று தெரிந்தும் நிர்வாகம் அவரைப் பேச விட்டதை நான் மதிக்கிறேன்.

மற்ற நால்வரைப் பற்றி எழுத அதிகமில்லை. ஒருவர் பரிசளிப்பு விழாவுக்கு வந்து, தாம் ஆடிய பழைய போட்டிகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். முன்வரிசைச் சிறுவர்கள் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் விடுமுறையில் ஒரு காலை மட்டும் வந்தார். எஞ்சிய இருவரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இது சென்னை என்பதால்தான் இக்குறை கூடுதலாக உறுத்துகிறது. பயிற்சியாளர்கள் மேஜர் மணியமும் சைரஸ் போன்சாவும் இந்த நகரில் நாள்தோறும் கோர்ட்டில் நின்று பிள்ளைகளை வளர்த்தவர்கள். கொல்கத்தாவிலிருந்து இங்கே வந்து பயின்ற சௌரவ் கோஷல் 2004இலும், சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா 2005இலும் பிரிட்டிஷ் ஜூனியர் ஓபனில் 19 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை வென்றார்கள். அந்த உழைப்பை அருகிலிருந்து அறிந்த ஊரில், படத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஆலோசகர் என்று சொல்லிக்கொள்வது எளிதில் எடுபடாது.

அன்றாட நிர்வாகத்தில் வேறு தொல்லைகளும் உண்டு. உதவிப் பயிற்சியாளர்கள் மூன்று முறை மாறினார்கள். ஒவ்வொருவரும் மட்டையைப் பிடிக்கும் முறையை முதலிலிருந்து திருத்தினார்கள். முன்னேற்ற அறிக்கை இரண்டு மாதம் தாமதமாக வந்தது. இலவசமாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டை இங்கேயே கிடைத்தாலும், இரவு வீடு திரும்ப வாகன ஏற்பாடு இல்லாததால் மாலை வகுப்பை அவர்களில் பலர் பாதியில் விட்டுப் போகிறார்கள். அவர்களுக்கென்றே தொடங்கிய திட்டத்தில் இது சிறிய குறை அன்று.

இவ்வளவுக்குப் பிறகும் வரும் ஜூன் வரை கட்டணம் கட்டிவிட்டேன். கட்டும்போது, ஆலோசகர்கள் வரும் நாட்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டேன். இந்த மாதத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் மூன்று தேதிகள் இருக்கின்றன, மூன்றுக்கும் நேரே இருப்பவை நான் மேலே சொன்ன அதே மூவரின் பெயர்கள்.