ஆன்லைன் மனநல சிகிச்சைக்கு இன்சூரன்ஸ்: எது கிடைக்கும், எது கிடைக்காது

"மனநோய்க்கும் கவரேஜ் உண்டு" என்று பாலிசி விளம்பரத்தில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அது மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை எடுப்பவருக்கு. மாதம் ஒருமுறை வீடியோவில் டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்குபவருக்கு அந்த வரியால் ஒரு பைசா வராது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்த பில்லையே தராத பாலிசி, மனச்சோர்வுக்குப் பார்த்த பில்லையும் தராது. இங்கே சட்டத்தைக் காட்டிச் சண்டை போட வழியில்லை.

ஆக, பார்க்க வேண்டியது ஓ.பி.டி. என்ற வெளிநோயாளர் பிரிவு இருக்கிறதா என்பதைத்தான். அது இருந்தால், வீடியோ ஆலோசனை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது. பாலிசியில் டாக்டர் ஆலோசனைக்கு இடமிருந்தால் டெலிமெடிசினையும் ஏற்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது. பலர் தவறவிடும் இன்னொரு வழியும் உண்டு: டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு. மருத்துவமனை க்ளெய்ம் ஏற்கப்பட்டிருந்தால், அதே நோய்க்காக அதன்பின் பாலிசியில் சொன்ன நாட்களுக்குள் (60, 90 என்று பாலிசிக்குப் பாலிசி மாறும்) எடுத்த ஆன்லைன் ஆலோசனை, மாத்திரை, பரிசோதனை பில்களையும் அனுப்பலாம். இதற்கு ஓ.பி.டி. ரைடர் (கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியோடு சேர்க்கும் பிரிவு) தேவையில்லை.

ரைடர் வாங்கும் முன் ஒரு கணக்கு. ஆண்டு உச்சவரம்பு 5,000 ரூபாய், கட்டணம் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் ஐந்தாம் மாதமே தீர்ந்துவிடும். ரைடருக்குக் கூடுதல் பிரீமியம் 3,500 என்றால், மிச்சமாகும் 1,500 ரூபாய்க்காக பில் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் அடங்குமா, தனித்தனி உள்வரம்பா என்றும் கேளுங்கள். எங்கள் கணிப்பில், ஓ.பி.டி. லாபமாக அமைவது பெரும்பாலும் கம்பெனி குரூப் பாலிசியில்தான்.

கேஷ்லெஸ் ஓ.பி.டி. வசதியாகத் தெரியும். ஆப்பைத் திறந்தால் பணம் கட்டாமலே டாக்டர் வந்துவிடுவார். ஆனால் யார் அப்போது கிடைக்கிறாரோ அவர்தான். சளிக்கு அது போதும். மருந்தளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் சிகிச்சையில், ஒவ்வொரு முறையும் புது ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்ல முடியாது. வழக்கமான டாக்டரிடமே போய்ப் பணம் கட்டிவிட்டு, பிறகு பில் கொடுத்து ரீஇம்பர்ஸ்மென்டில் திரும்ப வாங்குவதே மேல். அதற்குக் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும்.

க்ளெய்ம் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். யு.பி.ஐ. ஸ்க்ரீன்ஷாட் ரசீது ஆகாது. ஆப் தரும் இன்வாய்ஸில் பல நேரம் கம்பெனி பெயரும் 'சேவைக் கட்டணம்' என்ற ஒற்றை வரியும் மட்டுமே இருக்கும். டாக்டர் பெயர், மருத்துவக் கவுன்சில் பதிவு எண், தேதி, நோயாளி பெயர், ஆலோசனைக் கட்டணம் தனியாக, இவை வேண்டும். 2020 மார்ச் டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி மருந்துச்சீட்டில் மட்டுமல்ல, ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். அதைச் சொல்லியே கேட்டு வாங்கலாம். மருந்துச்சீட்டில் நோயின் பெயர் இல்லாவிட்டால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த தொல்லை இனிஷியல். பாலிசியில் அப்பா பெயர் முழுதாக, ஆப்பில் வெறும் 'எஸ்', மருந்துக்கடை பில்லில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்றிருந்தால் மூன்று பேர் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆதாரில் உள்ளபடியே எல்லா இடத்திலும் மாற்றிவிடுங்கள்.

மருந்துக்கடை பில் தேதி மருந்துச்சீட்டுத் தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு ரத்த அளவு, தைராய்டு, கிரியாட்டினின் பரிசோதனைகள் அவ்வப்போது வரும். டாக்டர் எழுத்தில் சொல்லியிருந்தால்தான் அவற்றுக்குப் பணம். (லித்தியம் அளவுக்கு ரத்தம், கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் ரிசல்ட்டை நம்ப முடியாது. மறுபடி எடுக்கும் செலவு உங்கள் தலையில்தான்.) கவனக்குறைவு நோய்க்கான (ஏ.டி.எச்.டி.) மெத்தில்ஃபெனிடேட், கடும் கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியல் மருந்து என்பதால் ஆன்லைனில் எழுதவே முடியாது. அதற்கு நேரில் போகும் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

கவுன்சலிங் அமர்வுகளில் ஏமாற்றம் அதிகம். "பதிவுபெற்ற மருத்துவர்" என்று பாலிசி வாசகம் இருந்தால் சைக்காலஜிஸ்ட் பில் நிற்காது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்குத் தருவதாக இருந்தாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் கேட்பார்கள். மூன்று மாதப் பேக்கேஜாக மொத்தமாகக் கட்டாதீர்கள். நடக்காத அமர்வுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். அமர்வுக்கு ஒரு பில் வாங்குங்கள்.

ஏற்கெனவே மருந்து சாப்பிட்டுக்கொண்டு தனிநபர் பாலிசி எடுப்பவர்கள் அதை மறைக்கக் கூடாது. மறைத்தால் பின்னாளில் பெரிய க்ளெய்ம் ஒன்றில் அதுவே காரணமாக வந்து நிற்கும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம். குரூப் பாலிசியில் பெரும்பாலும் காத்திருப்பு இல்லை. ஆனால் பில்லை எச்.ஆருக்கு மெயில் செய்யும் பழக்கம் வேண்டாம். க்ளெய்மைக் கையாளும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வின் போர்ட்டலில் நேரடியாக ஏற்றுங்கள், நோயின் பெயரை அலுவலகம் பார்க்க வேண்டியதில்லை.

மறுத்தால், பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவு, பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசா போர்ட்டல். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை; இறுதி மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 1,000 ரூபாய் ஆலோசனை பில்லுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. மனநோய் என்று சொல்லி அட்மிஷன் க்ளெய்மையே மறுத்தால் மட்டும் விடாதீர்கள்.