சீட்டு அம்மாவின் பெயரில்: இதய நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஊரில் கிடைக்கும் பேச்சு சிகிச்சை

அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கும். அல்லது ஸ்டென்ட் வைத்திருப்பார்கள். அல்லது இதயத்தின் பம்ப் பலம் குறைந்து, மாத்திரையை நம்பியே நாள் ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் பிள்ளைகள் எக்கோ ரிப்போர்ட்டைப் புரட்டுகிறார்கள், டாக்டரைப் பார்க்கிறார்கள், புது பி.பி. மெஷின் வாங்கி வைக்கிறார்கள். இராத்திரி நாலு தடவை எழுந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிற அம்மாவுக்கு எந்த ஃபைலும் கிடையாது.

அவருக்கான உதவி தமிழ்நாட்டில் இருக்கிறது. இந்த முறை சென்னையிலும் மதுரையிலும் விசாரித்ததில் தெளிவானது ஒன்று: அது தானாக வந்து சேராது. இதயப் பிரிவில் எல்லாக் காகிதமும் நோயாளி பெயரில்தான் ஓடுகிறது. பார்த்துக்கொள்பவருக்கு அங்கே கிடைப்பது அட்டெண்டர் பாஸ் மட்டும். மனபாரத்தை மனநல நிபுணரிடம் பேசிச் சரிசெய்கிற பேச்சு சிகிச்சை வேண்டுமென்றால் அவர் பெயரிலேயே தனியாக ஓ.பி. சீட்டு போட வேண்டும். லீவில் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டிய வேலை இது. கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் முதல் சந்திப்போடு நின்றுபோகும்.

இதை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு அதில் திணறிய முதியவர்கள் நாலு ஆண்டுக்குள் இறக்கும் ஆபத்து, அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாத முதியவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது: சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரையில் ராஜாஜி. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் இருப்பார். கட்டணம் இல்லை. காலையிலேயே போய்விட வேண்டும். முதலில் பார்ப்பவர் மனநல டாக்டர். கூட்டம் அதிகம் என்பதால் தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. "சைக்காலஜிஸ்ட்கிட்ட பேசணும், அதுக்கு எழுதிக் குடுங்க டாக்டர்" என்று நாமே கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

தனியார் மருத்துவமனையில் "கவுன்சிலிங் எங்கே?" என்று விசாரித்தால் ஆபரேஷன் செலவைச் சொல்கிற மேசைக்கோ, சாப்பாட்டுப் பட்டியல் கொடுக்கிற அறைக்கோ அனுப்பிவிடுவார்கள். பேச்சு சிகிச்சை தருகிற உளவியல் நிபுணரான "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்றே கேளுங்கள். வெளியே தனியாகப் பார்ப்பவர்களிடம் ஒரு சந்திப்புக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை ஆவது சாதாரணம். நேரம் 45 முதல் 50 நிமிடம். கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிற நிலை நம் ஊரில் இருப்பதால் தகுதியைப் பார்ப்பது அவசியம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கவுன்சிலின் தளத்திலேயே சரிபார்க்கலாம். செயலிகள் வழியாக வீடியோவில் பேசுகிறவர்களில் பலர் ஆங்கிலத்தில்தான் சரளமாக இருக்கிறார்கள். அறுபத்தைந்து வயது அம்மா தன் பயத்தை ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார். தமிழில் பேசுவாரா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

தொலைபேசியில் 14416 இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். அவசரத்துக்கு நல்லது. தேவைப்பட்டால் மனநல டாக்டரிடமும் இணைத்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே ஆள் எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தொடர்ச்சியான சிகிச்சைக்கு அது மாற்று ஆகாது. வெளிநாட்டு நம்பரிலிருந்து இந்தக் குறுகிய எண்ணுக்குப் பேசவும் முடியாது. அம்மாவின் போனில் சேமித்து வைத்து, நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒரு தடவை அவரையே கூப்பிடச் சொல்லிப் பழக்கிவிட்டு வாருங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல் வலி தணிப்புப் பிரிவு (பாலியேட்டிவ் கேர்). புற்றுநோய்க்கு மட்டும்தான் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். முற்றிய இதயச் செயலிழப்புக்கும் அந்தப் பிரிவு உதவும். "வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர் தூங்குகிறாரா?" என்று கேட்பது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தச் சேவை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது நமக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினர் ஒருவர் கூடவே தங்குவதும், அவருக்கும் சொல்லிக்கொடுப்பதும் பல பத்தாண்டுகளாக நடக்கிற வழக்கம். மனநோயில் வேரூன்றிய அந்தப் பழக்கம் இதய நோய்க்கு இன்னும் பரவவில்லை என்பது பெரிய குறை.

பேச்சு சிகிச்சை என்றால் போய் அழுதுவிட்டு வருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சிந்தனையையும் நடவடிக்கையையும் சேர்த்து மாற்றுகிற சி.பி.டி. முறையில், வாரம் ஒன்று வீதம் ஆறு முதல் எட்டுச் சந்திப்பு, பிறகு மாதம் ஒன்று என்று போவது வழக்கம். முதல் சந்திப்பில் அளவெடுப்பார்கள். பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்கிற ஸாரிட் கேள்வித்தாளில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. நாற்பதைத் தாண்டினால் சுமை கடுமையை நெருங்குகிறது என்று பொருள். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வி கொண்ட பி.எச்.க்யூ.-9. அதில் பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். இந்த எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாலாவது சந்திப்பில் திரும்ப அளக்கும்போது சிகிச்சை வேலை செய்கிறதா என்று அதுதான் சொல்லும்.

அடுத்த வேலை பெரும்பாலும் இராத்திரிப் பயம். மூச்சைப் போய்ப் பார்ப்பது ஒரு நிமிட நிம்மதி தருகிறது. அந்த நிம்மதியே, பார்க்காவிட்டால் ஆபத்து என்று மூளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அதனால் நாளாக ஆக எண்ணிக்கை கூடும். முதல் வாரம் எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன பயந்தார், போய்ப் பார்த்தபோது என்ன இருந்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதச் சொல்வார்கள். இரண்டாவது வாரம் நாலை இரண்டாக்கி, நேரத்தையும் முன்பே குறித்துவிடுவார்கள். பிறகு ஒன்று. பிறகு அதுவும் வேண்டாம். அதற்குப் பதிலாக உண்மையில் பயன்படுகிற ஒரு கண்காணிப்பைக் கையில் கொடுக்க வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது எடைத் தராசு. தினமும் காலையில், சிறுநீர் போன பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்குப் போன். பி.பி. காலையிலும் மாலையிலும் மட்டும். நினைத்தபோதெல்லாம் மெஷினைக் கட்டிப் பார்ப்பதும் அதே பயத்தின் இன்னொரு உருவம்தான். சிறுநீர் மாத்திரையின் இரண்டாவது வேளையைச் சாயங்காலத்துக்கு முன்பே கொடுக்கலாமா என்று இதய டாக்டரிடம் கேட்டால், இரண்டு பேரின் தூக்கமும் பிழைக்கும். அப்பா படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார் என்றால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அதை அன்றே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

குற்றவுணர்ச்சியும் இங்கே அதிகம். "என் சமையல்தானே, நான் போட்ட உப்புதானே" என்று மனைவிமார் நினைத்துப் புழுங்குகிறார்கள். இதற்கு ஒரு பயிற்சி: காகிதத்தில் வட்டம் வரைந்து, மாரடைப்புக்குக் காரணமாகியிருக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பங்கு பிரிப்பது. இருபது வருடச் சர்க்கரை, சிகரெட், அவருடைய அப்பாவுக்கும் இருந்த இதய நோய், நெஞ்சு வலித்தும் 'கேஸ்' என்று தள்ளிப்போட்ட பொழுது. எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் சமையலுக்கு இடம். மிஞ்சுவது சின்னத் துண்டு. வாயால் நூறு தடவை "உன் தப்பில்லம்மா" என்று சொல்வதைவிட இது அதிகம் வேலை செய்கிறது, ஏனென்றால் பங்கு பிரிப்பது அவருடைய கையே.

ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக்காக வீட்டில் தினமும் நடக்கிற சண்டையைச் சிக்கல் தீர்க்கும் முறையில் எடுப்பார்கள்: பிரச்சினையை ஒரே வரியில் எழுதுவது, தோன்றுகிற எல்லா வழியையும் எழுதுவது, ஒன்றை மட்டும் ஒரு வாரம் செய்து பார்ப்பது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை டாக்டரே நேரடியாக நோயாளியிடம் சொல்லட்டும், மனைவி அமல்படுத்தும் போலீஸாக இருக்க வேண்டாம் என்ற வழி பல வீடுகளுக்குப் பொருந்துகிறது.

சிகிச்சை பாதியில் விட்டுப்போவதற்கு முதல் காரணம் மனம் அல்ல, சந்திப்புக்குப் போகிற இரண்டு மணி நேரம் வீட்டில் உட்கார ஆள் இல்லாததுதான். போக வர ஒரு மணி, உள்ளே ஒரு மணி. எதிர்வீட்டு அக்காவோ, சித்தப்பாவோ, சம்பளத்துக்கு வருகிற ஆளோ, எட்டு வாரத்துக்கும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். மதிய மாத்திரை நேரத்தில் சந்திப்பு வைக்காதீர்கள்.

இரண்டாவது, அறைக்குள் கூடவே போய் உட்காருவது. கணவர் பக்கத்தில் இருந்தால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். வெளிநாட்டுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் பிள்ளைதான் பேசும். வெளியே உட்காருங்கள், உள்ளே என்ன பேசினாய் என்று காரில் கேட்காதீர்கள். வீடியோ சந்திப்பு என்றால் இரண்டு அறை வீட்டில் தனிமை கிடைக்காது. மொட்டை மாடி, தெரிந்தவர் வீடு, அல்லது அப்பா வாக்கிங் போகிற நேரம். இயர்போன் கட்டாயம்.

மூன்றாவது, "பொறுமையா இருங்கம்மா, எல்லாம் சரியாகும்" என்று அறிவுரை மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள். அடுத்த வாரத்துக்கு என்ன செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு வேலைகூடத் தராமல் இரண்டு சந்திப்பு போனால் ஆளை மாற்றுவதே நல்லது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் பரவலாக நடக்கிறது. அல்பிரஸோலம் போன்றவை பழக்கமாகிவிடும், வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு உடைவதற்கும் காரணமாகும். ஏற்கெனவே போடுகிறார் என்றால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அழைத்துப் போவது எப்படி என்பதும் முக்கியம். பொய் சொல்லிக் கூட்டிப்போகக் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. "அம்மா, உனக்குத் தூக்கமே இல்ல, படபடப்பு இருக்குன்னு சொல்றியே. அதுக்குன்னு பேசுறவங்க இருக்காங்க. அப்பாவ பாத்துக்கணும்னா நீ தெம்பா இருக்கணும்ல?" என்ற அளவு போதும். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் பேத்தியின் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்ற கவலை இருந்தால், அடுத்த ஊர் மருத்துவமனையைப் பாருங்கள். அது நியாயமான கவலை, அதோடு வாதாடி நாளைக் கடத்த வேண்டாம்.

பார்த்துக்கொள்பவருக்கே நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல் என்றால் அதை டென்ஷன் என்று முடிவுகட்டுவதற்கு முன் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். கடும் மன அழுத்தத்தால் இதயத் தசையே தற்காலிகமாகத் தளர்கிற டகோட்சுபோ என்ற நிலை உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது அதிகம். சோர்வுக்குத் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் ஒரே இரத்தச் சோதனையில் பார்த்துவிடலாம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

லீவில் வருகிறவர்கள் மேல் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தூரத்திலிருந்து திடீரென்று வந்து, "ஏன் இந்த டாக்டர், ஏன் இன்னும் இந்த மாத்திரை?" என்று எல்லாவற்றையும் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு மருத்துவ உலகில் "கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1991இல் முதியோர் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாகவே வந்தது. தினமும் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கோ அண்ணிக்கோ அந்தக் கேள்விகள் குற்றப்பத்திரிகையாகத்தான் விழும். சந்தேகத்தை டாக்டரிடம் கேளுங்கள், சமையலறையில் கேட்காதீர்கள்.

திரும்பிப் போன பிறகு வெளிநாட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளை முழுதாக எடுத்துக்கொள்ளலாம்: மாத்திரை ஆர்டர், இன்ஷூரன்ஸ் காகிதம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், சந்திப்புக் கட்டணம், அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருகிற ஆளின் சம்பளம். வாரம் ஒரு போன் அப்பாவின் பி.பி.யைப் பற்றிக் கேட்காமல், அம்மாவோடு மட்டும். அப்பா மறுபடி அட்மிட் ஆனால் பழைய பயம் முழு வேகத்தில் திரும்பும் என்பதைச் சிகிச்சையின் கடைசிச் சந்திப்பிலேயே பேசி வைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன அடுத்த வாரத்துக்கு அம்மாவுக்கும் ஒரு சந்திப்பு, யாரை முதலில் கூப்பிடுவது, 108, எந்த மருத்துவமனை, ஃபைல் எங்கே என்று ஒரே தாளில் எழுதிப் பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், நடுராத்திரியில் யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியிருக்காது.