தண்ணீர் மாற்றியதாக 275 டொலர் பில், தொட்டியில் பழைய தண்ணீர்

வீட்டு ஹொட் டப்பை, அதாவது உட்கார்ந்து ஊறும் சுடுதண்ணீர்த் தொட்டியை, மாதக் கட்டணத்துக்கு யாரிடமாவது ஒப்படைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

நாங்கள் கனடாவில், மார்க்கம் என்ற நகரில் இருக்கிறோம். மாமிக்கு முழங்கால் வலி. குளிர்காலத்தில் இரவில் கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் இருந்தால் மறுநாள் படியேறுவது சுகம் என்பார். அதற்காகவே பின்வளவில் 1500 லீற்றர் தொட்டி போட்டோம். நானும் கணவரும் வேலைக்குப் போவதால், தண்ணீரைக் கவனிக்க செப்டெம்பரில் ஒரு சேர்விஸ்காரரைப் பிடித்தோம். மாதம் 120 டொலர்.

வாரம் ஒருமுறை வருவார். சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பார், மிதவைக்குள் இரண்டு சின்னக் குளோரின் குளிசை போடுவார், எல்லாம் சரி என்று சொல்லிப் போவார். பத்து நிமிடம்கூட ஆகாது. ஜனவரிக் கடைசியில், தண்ணீர் முழுவதையும் இறைத்து மாற்றியதாக 275 டொலருக்குத் தனிப் பில் தந்தார். கட்டினோம்.

மூன்று வாரம் போனது. மகனுக்கு, நீச்சல் காற்சட்டை மூடியிருந்த இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பரு. தொட்டாலே அழுதான். வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் ஹொட் டப் இருக்கிறதா என்பதுதான். சூடோமோனஸ் என்ற பக்டீரியா மயிர்க்கால்களில் உண்டாக்கும் தொற்றாம். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், இவனுக்கும் ஆறியது. ஆனால் அப்படிப்பட்ட தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற இன்னொரு பக்டீரியாவும் வளரலாம். அது மெல்லிய நீர்த்துளிகளோடு நுரையீரலுக்குள் போனால் மாமியின் வயதில் உயிருக்கே ஆபத்து. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நீச்சல்குளச் சாமான் கடைக்குப் போனேன். பிஎச், அதாவது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், 6.6. அது 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும், குறைந்தால் தண்ணீர் அமிலமாகிறது என்று அர்த்தம். சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு பொருள் 150 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் 150 பங்கு) மேல். அந்த எண்ணைப் பார்த்த கடைப் பெண், தண்ணீர் மாற்றி எவ்வளவு காலம் என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். இருக்கவே முடியாது என்றார்.

அவர் விளக்கியது இதுதான். போட்டது ட்ரைக்குளோர் குளிசை, வெயிலில் கிடக்கும் நீச்சல்குளத்துக்கான சாமான். அதிலுள்ள குளோரின் செலவாகிவிடும், கூடவே வரும் சயனூரிக் அமிலம் போகாது. ஆவியாகவும் மாட்டாது, தண்ணீரை இறைத்தால்தான் குறையும். அது ஏற ஏறக் குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துகொண்டே போகும். வாரம் இரண்டு சின்னக் குளிசைக்கு மூன்று வாரத்தில் சயனூரிக் அமிலம் 30 பிபிஎம், மிஞ்சினால் 40 வரலாம். 150ஐத் தாண்ட மாதக்கணக்காகும்.

வீட்டுக்கு வந்து அந்த ஜனவரி நாளை நினைத்துப் பார்த்தேன். அவர் வந்தது பகல் 2 மணி. மாலை 6 மணிக்கு மாமி தொட்டிக்குள் இறங்கும்போது வெப்பநிலை காட்டும் பலகையில் 38 டிகிரி. அந்தக் குளிரில் எங்கள் குழாயில் வருவது ஏறக்குறைய 5 டிகிரித் தண்ணீர். 1500 லீற்றரை அதிலிருந்து 38க்கு ஏற்ற 5.5 கிலோவாட் ஹீற்றருக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் வேண்டும். கண்முன்னால் இருந்தும் எனக்கு அன்று பிடிபடவில்லை.

தண்ணீர் மாற்றியதாக யாராவது பில் தந்தால், அன்று மாலையே வெப்பநிலையைப் பாருங்கள். சயனூரிக் அமில அளவையும் கடையில் சோதியுங்கள். சோதனைத் தாளின் காலாவதித் திகதியைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அவர் விட்டுப்போன டப்பா காலாவதியாகி இரண்டு வருடம். இப்போது நான், தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி வாங்கி நானே பார்க்கிறேன். குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே போக விடுவதில்லை. குளோரினுக்குப் பதிலாகப் புரோமின் பாவிப்பவர்களுக்கு அது 4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதலில் குழாய்களுக்குள் படிந்த வழுவழுப்பைக் கழுவும் மருந்து விட்டு ஓடவைத்து, பிறகு இறைக்கிறோம். இன்னொன்று, மூக்கில் ஏறும் குளோரின் மணம் சுத்தத்தின் அடையாளம் இல்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரின்தான் அப்படி மணக்கும்.

சேர்விஸ்காரரை அழைத்துக் கேட்டபோது, கடைச் சோதனை பிழை என்று வாதாடினார். நான்கு மணித்தியாலத்தில் தண்ணீர் எப்படி 38 டிகிரிக்கு வந்தது என்றதும் பேச்சு நின்றது. 275 டொலர் திரும்பி வந்தது. அமிலத் தண்ணீரில் அரித்துப்போன ஹீற்றருக்கு உத்தரவாதம் செல்லாது என்று தொட்டிக் கம்பனிக்காரர் சொல்லிவிட்டார்கள், ட்ரைக்குளோர் போட்டதால். அதற்கு 680 டொலர் நாங்களேதான் கட்டினோம்.