போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.: கட்டுவது எளிது, பாதியில் உடைத்தால்தான் நஷ்டம்

மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ ஒதுக்க முடிகிற ஒருவர் முதல் சேமிப்பை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், அஞ்சலகத்தின் ஐந்து வருட ஆர்.டி.யை, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்புக் கணக்கை, தயங்காமல் சொல்லலாம். ஆனால் கணக்குத் தொடங்கும்போது பலர் கேட்டுக்கொள்ளாத ஒரு விதி இதில் உண்டு. முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் மூடினாலும், கட்டிய காலம் முழுவதற்கும் சாதாரண சேமிப்புக் கணக்கின் 4% வட்டிதான் கிடைக்கும். வேலை எப்போது போகும், கடை வியாபாரம் எப்போது படுக்கும் என்று தெரியாத காலத்தில், இந்த விதியை மனதில் வைத்துத்தான் கணக்கையே திட்டமிட வேண்டும்.

முதலில் அடிப்படை. மாதம் குறைந்தது 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்காக எவ்வளவும் கட்டலாம், உச்சவரம்பு இல்லை. மொத்தம் 60 தவணை. 2023 அக்டோபர் முதல் வட்டி 6.7%, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி. ஒருவர் எத்தனை கணக்கும் வைத்துக்கொள்ளலாம். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே தொடங்கலாம். ஆதார், பான், புகைப்படம் கொண்டுபோனால் போதும். நாமினி பெயரை அன்றைக்கே எழுதிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கணக்குகளில்தான் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிறது.

மாதம் 1,000 ரூபாய் கட்டினால் ஐந்து வருட முடிவில் 71,366 ரூபாய் வரும். கட்டியது 60,000, வட்டி 11,366. ‘6.7 சதவீதம் என்றால் ஐந்து வருடத்துக்கு இருபதாயிரம் வர வேண்டாமா?’ என்று புதிதாகச் சேமிப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முதல் தவணை மட்டும்தான் 60 மாதம் வட்டி ஈட்டுகிறது. கடைசித் தவணை ஒரு மாதம் ஈட்டுகிறது. சராசரியாகப் பார்த்தால் உங்கள் பணம் இரண்டரை வருடம்தான் உள்ளே இருக்கிறது. எந்த ஆர்.டி.க்கும் இதுதான் கணக்கு.

இதன் பெரிய பலம் கணக்குத் தொடங்கிய நாளின் வட்டி அறுபது மாதமும் மாறாமல் இருப்பது. நிதி அமைச்சகம் காலாண்டுதோறும் வட்டியை மாற்றலாம்; அது புதிய கணக்குகளுக்கு மட்டும்தான். 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5%-லிருந்து 5.5%-ஆகக் குறைத்தது. வங்கிகள் வைப்பு வட்டியை இறக்கின, அஞ்சலக ஆர்.டி. 6.7%-லேயே நின்றது. பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. வங்கி வைப்புக்கோ ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு.

இனி பலவீனத்துக்கு வருவோம். மூன்று வருடம் முடியும் வரை கணக்கை மூடவே முடியாது. அதற்குப் பிறகு மூடினால் 4%. மாதம் ஆயிரம் கட்டும் கணக்கை மூன்று வருடத்தில் மூடினால், 6.7%-ல் 3,900 ரூபாய்க்கு மேல் வந்திருக்க வேண்டிய வட்டி 2,200-ஐ ஒட்டி நின்றுவிடும். ஐந்தாவது வருடத்தின் கடைசி மாதங்களில் அவசரப்பட்டு மூடினால் பதினோராயிரத்துக்குப் பதில் ஆறாயிரம் சொச்சம்தான். வங்கி ஆர்.டி.யில் பெரும்பாலும் 1% வரை அபராதத்தோடு முடிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் வங்கிதான் மேல்.

ஆகவே மாதம் 3,000 ரூபாய் சேமிக்க முடிந்தால் ஒரே கணக்காகத் தொடங்காதீர்கள். ஆயிரம் ஆயிரமாக மூன்று கணக்கு தொடங்குங்கள். ஆர்.டி.யில் ஒரு பகுதியை மட்டும் மூடும் வசதி கிடையாது; கணக்கு மூன்றாக இருந்தால், நெருக்கடியில் ஒன்றை மூடிவிட்டு மற்ற இரண்டையும் முழு வட்டியோடு காப்பாற்றலாம். வருமானம் குறைந்து மூன்றையும் கட்ட முடியாமல் போனாலும், இரண்டை மட்டும் தொடர்ந்து கட்டலாம். பாஸ்புக் மூன்றாகும் என்பதைத் தவிர இதில் கூடுதல் செலவு இல்லை.

மூடுவதற்கு முன் கடன் வசதியைக் கேளுங்கள். பலருக்கு இது இருப்பதே தெரியாது. 12 தவணை கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தால், இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம். வட்டி ஆர்.டி. வட்டியோடு 2% கூட, அதாவது இப்போது 8.7%. இரண்டு வருடம் ஆயிரம் ரூபாய் கட்டியவருக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கைக்கு வரும், கணக்கும் 6.7%-லேயே ஓடிக்கொண்டிருக்கும். மொத்தமாகவோ தவணையாகவோ திருப்பிக் கட்டலாம். கட்டாமல் விட்டால் முதிர்வுத் தொகையில் வட்டியோடு பிடித்துக்கொள்வார்கள். கந்து வட்டி, கிரெடிட் கார்டு இரண்டையும்விட இது மலிவு.

தேதி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மாதத்தின் 15-ம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-க்குப் பிறகு தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை கட்டலாம். சம்பளம் 7, 10 தேதிகளில் தள்ளித் தள்ளி வருகிற இடத்தில் வேலை செய்பவர்கள் 16-க்குப் பிறகு தொடங்குவதே நல்லது. கடைசி வேலைநாள் என்பதைக் கவனியுங்கள்: 31-ம் தேதி ஞாயிறு என்றால் 30-ம் தேதியே கெடு.

தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். ஆயிரம் ரூபாய் கணக்குக்குப் பத்து ரூபாய்தான், பயப்பட ஒன்றுமில்லை. தொடர்ந்து நான்கு தவணை தவறினால்தான் சிக்கல். கணக்கு நின்றுவிடும், நான்காவது தவறலிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால், பிறகு அதில் பணமே போட முடியாது. கையில் பணம் குறைவாக இருந்தால் மூன்று மாதம் விட்டாலும் நான்காவது மாதம் எப்படியாவது கட்டிவிடுங்கள். விட்ட தவணைகள் நான்குக்கு மேல் போகாவிட்டால், அத்தனை மாதம் முதிர்வைத் தள்ளிவைத்தும் அவற்றைக் கட்டலாம்.

போனஸ், அறுவடைப் பணம் என்று மொத்தமாக வருபவர்களுக்கு முன்கூட்டிக் கட்டும் தள்ளுபடி இருக்கிறது. ஆறு மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டினால் மாதத் தவணையின் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் மொத்தம் 10 ரூபாய், பன்னிரண்டு மாதம் என்றால் 40 ரூபாய். ஆயிரம் ரூபாய் கணக்குக்கு ஒரு வருடத் தவணையாக 12,000-க்குப் பதில் 11,600 கட்டினால் போதும். பணத்தை எத்தனை மாதம் முன்னால் தருகிறீர்கள் என்று கணக்கிட்டால் இந்தத் தள்ளுபடி வருடத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஆறு மாதத் தள்ளுபடி 8 சதவீதத்தையே தொடுகிறது. சேமிப்புக் கணக்கில் 4%-க்குக் கிடப்பதைவிட நிச்சயம் மேல். ஒரு எச்சரிக்கை: முன்கூட்டிக் கட்டிய காலம் முடியும் வரை கணக்கை மூட விட மாட்டார்கள். வேலை ஆட்டம் காண்கிறவர்கள் இந்தத் தள்ளுபடிக்கு ஆசைப்பட வேண்டாம்.

முகவர் மூலம் கட்டுவது தமிழ்நாட்டில் பரவலான பழக்கம். ஆர்.டி. தவணையை வசூலிக்கும் மகிளா பிரதான் திட்டத்தின் முகவர்கள் எல்லோரும் பெண்கள். வீடு தேடி வந்து வாங்கிச் செல்வது வயதானவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பெரிய உதவி. அவர்களுக்கான 4% கமிஷனை அரசு தருகிறது. நீங்கள் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை. ஆனால் பணம் கொடுத்த தேதி வேறு, கணக்கில் ஏறிய தேதி வேறு. முகவர் தாமதமாகச் செலுத்தினால் அபராதம் உங்கள் கணக்கில்தான் விழும். ஒவ்வொரு முறையும் முகவர் தரும் தவணை அட்டையில் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நீங்களே அஞ்சலகத்துக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்து பாருங்கள். அட்டையில் இருந்து பாஸ்புக்கில் இல்லாத தவணை தெரிந்தால் அன்றைக்கே போஸ்ட்மாஸ்டரிடம் எழுத்தில் கொடுங்கள். செல்பேசி பழகியவர்கள் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கை அஞ்சலக சேமிப்புக் கணக்குடன் இணைத்து, செயலியிலேயே தவணை கட்டிவிடலாம்.

வரிச் சலுகையை எதிர்பார்த்து இதில் சேராதீர்கள். சேமிப்புக்கான வரிக் கழிவில் ஆர்.டி. வராது, வட்டியும் வரிக்கு உட்பட்டது. 30% வரி வரம்பில் இருப்பவருக்குக் கையில் நிற்பது 4.7 சதவீதம்கூட இல்லை; விலைவாசி வேகமாக ஏறும் வருடங்களில் அதைத் தாண்ட இது போதாது. வருமான வரி கட்டத் தேவையில்லாத சம்பளக்காரர், சிறு வியாபாரி, வீட்டு வேலைக்குப் போகும் பெண் ஆகியோருக்கு 6.7 சதவீதம் முழுதாகக் கிடைக்கிறது. இந்தத் திட்டம் அவர்களுக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. நகைச்சீட்டில் கட்டினால் முடிவில் நகைதான் வரும், மருத்துவமனையில் கட்டப் பணம் வராது. பதிவு செய்யாத ஏலச்சீட்டில் முதலுக்கே உத்தரவாதம் இல்லை. மாதாமாதம் ஒரு தொகையைச் சந்தையில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. நீண்ட காலத்தில் கூடுதலாகத் தரக்கூடியது. ஆனால் சந்தை விழுந்த மாதத்தில் பணம் தேவைப்பட்டால் நஷ்டத்தில்தான் எடுக்க வேண்டிவரும். மூன்று மாதச் செலவுப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் தனியாக வைத்த பிறகு ஆர்.டி., அது ஓடத் தொடங்கிய பிறகு எஸ்.ஐ.பி. என்ற வரிசையே பாதுகாப்பானது.

60 தவணை முடிந்ததும் அப்படியே நீட்டிக்கலாமா என்று கவுண்டரில் கேட்பார்கள். நீட்டிப்புக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் மூடலாம் என்பது வசதிதான். ஆனால் முழுதாக முடிந்த வருடங்களுக்கான வட்டி, கணக்கு முதலில் தொடங்கிய நாளின் வட்டியே. 2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை தொடங்கிய கணக்குகளுக்கு அது 5.8%. அந்தக் கணக்குகள் முதிரும்போது நீட்டிக்காமல் பணத்தை எடுத்து, அன்றைக்கு நடப்பு வட்டி 5.8%-க்கு மேல் இருந்தால் புதுக் கணக்காகவே தொடங்குங்கள்.